மழைக்கால மாட்டுத் தீவனம்: புண்ணாக்கா, மூட்டைத் தீவனமா, பைண்டரா?

ஐப்பசி பிறந்து நாலு நாள் விடாமல் தூறினால் போதும், எங்கள் கொட்டகையை ஒட்டிய தீவன அறையில் ஒரு வாடை கிளம்பிவிடும். ஈரச் சாக்கும் பழைய எண்ணெயும் கலந்த வாடை. இரண்டு வருஷத்துக்கு முன்பு அதைச் சட்டை செய்யாமல் இருந்துவிட்டேன். அரை மூட்டைக் கடலைப் புண்ணாக்கு, அடியில் பச்சையும் மஞ்சளுமாகப் பூத்திருந்தது. பூத்ததைத் தள்ளிவிட்டு மேலே இருந்த 'நல்ல' பகுதியை ஊறவைத்துப் போட்டோம். ஒரு மாடு தீனியைப் பாதியில் விட்டது. வேளைக்கு ஒரு லிட்டர் பால் குறைந்தது. சினை ஊசி இரண்டு தடவை நிற்கவில்லை. எல்லாப் பழியையும் பூசணத்தின் மேல் போட மாட்டேன், அந்த மாதம் மழையும் ஈயும் கூடவே இருந்தன. ஆனால் மூட்டையை மாற்றிய பத்தாம் நாள் மாடு பழையபடி தின்றது.

எங்களிடம் இருப்பவை மூன்று கலப்பின மாடுகள், ஆளுக்குப் பத்து லிட்டர் அளவில் கறப்பவை. காவிரிக் கரை ஊர். மழை மூன்று மாதத்துக்கு எந்தத் தீவனத்தை வாங்குவது, எதில் காசு போடுவது என்று ஒவ்வொரு வருஷமும் வீட்டில் ஒரு பஞ்சாயத்து நடக்கும். அந்தப் பஞ்சாயத்தில் அடிபடும் வழிகளைத்தான் இங்கே ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் எதிராளி யார் என்று தெரிய வேண்டும். தீவனத்தில் வளரும் பூசணங்களில் நமக்குப் பெரிய தொல்லை தருவது ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ். அது சுரக்கும் நஞ்சுதான் அஃப்ளாடாக்சின். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்து விழுந்தபோதுதான் இந்த நஞ்சு பிடிபட்டது. குஞ்சுகள் தின்றது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு. ஆக, கடலைப் புண்ணாக்குக்கும் இந்த நஞ்சுக்கும் உறவு அது கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்தே இருக்கிறது.

மாடு தின்னும் நஞ்சின் பெயர் பி1. ஈரல் அதை மாற்றி எம்1 என்ற வடிவில் பாலில் விடுகிறது. தின்றதில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு பாலுக்கு வரும், அதிகம் கறக்கிற மாட்டில் ஆறு பங்கு வரைகூட வரலாம். காலையில் தின்றது மறுநாள் பாலிலேயே தெரியும். நிறுத்தினால் மூன்று நாலு நாளில் இறங்கிவிடும். காய்ச்சினால் போகாது, பாக்கெட் பாலுக்குச் செய்யும் பதப்படுத்தலிலும் போகாது.

பாலில் எம்1 கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்திய வரம்பு. 2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்துப் பார்த்தது. 368 மாதிரிகள் இந்த வரம்பைத் தாண்டின. அதில் தமிழ்நாட்டுக் கணக்கு: 551க்கு 88. எண்ணிக்கையில் எந்த மாநிலத்தையும்விட நம்முடையது அதிகம். கலப்படம் செய்த பால் என்றால் ஊரே கொதிக்கும். இது கலப்படமே இல்லாத, மாட்டு மடியிலிருந்து நேராக வந்த பாலில் இருக்கும் சங்கதி, அதனால் யாரும் பேசுவதில்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. இது தெரிந்தால் மற்ற எல்லா முடிவும் சுலபம். ஆய்வகத்தில் பிபிபி என்று எழுதித் தருவார்கள். ஒரு கிலோவில் ஒரு மைக்ரோகிராம் இருந்தால் அது 1 பிபிபி. பத்து லிட்டர் கறக்கிற மாட்டுக்கு நாளுக்கு ஒன்றரைக் கிலோ கடலைப் புண்ணாக்கு போடுகிறோம், அதில் 200 பிபிபி நஞ்சு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாட்டு வயிற்றுக்குள் போவது 300 மைக்ரோகிராம். இரண்டு சதவீதம் பாலுக்கு வந்தால் 6 மைக்ரோகிராம். பத்து லிட்டருக்குப் பிரித்தால் லிட்டருக்கு 0.6, வரம்பைத் தாண்டியாச்சு. அதே புண்ணாக்கை முக்கால் கிலோவாகக் குறைத்து மீதிக்கு எள்ளுப் புண்ணாக்கு போட்டால் 0.3 சொச்சம். மூட்டை அதேதான், நஞ்சின் அடர்த்தியும் அதேதான், பால் மட்டும் வரம்புக்குள் வந்துவிட்டது. மாட்டுக்குள் ஒரு நாளில் மொத்தம் எத்தனை மைக்ரோகிராம் போகிறது என்பதுதான் கேள்வி. 'இது நல்ல மூட்டையா, கெட்ட மூட்டையா' என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது பிடிபடாது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

புண்ணாக்கும் தவிடும் ஊறவைத்துத் தண்ணி காட்டுவது

அம்மாவின் கட்சி இது. ராத்திரியே புண்ணாக்கை ஊறப்போட்டு, காலையில் தவிடு சேர்த்துக் கரைத்து, கழுநீரோடு தொட்டியில் ஊற்றிவிட வேண்டும். மாடு மூக்கை முக்கி உறிஞ்சும். 'பாலில் கொழுப்பு ஏறும், பால் சொசைட்டியில் நல்ல விலை கிடைக்கும்' என்பது அம்மாவின் வாதம். செக்குப் புண்ணாக்கில் எண்ணெய் தங்கியிருப்பதால் அந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது.

ஆனால் மழைக்காலத்தில் ஆபத்து அதிகமான வழி இதுதான். கடலையில் பூசணம் கிடங்கில் மட்டும் வருவதில்லை. மானாவாரி நிலத்தில் காய் முற்றும் நேரத்தில் மழை பொய்த்து மண் காய்ந்தால், நிலத்துக்குள் இருக்கும்போதே காய்க்குள் பூசணம் புகுந்துவிடுகிறது. பறித்த பிறகு பொறுக்கும்போது திரண்ட பருப்பு கடைக்குப் போகும். சொத்தையும் சூம்பலும் ஆட்டுவதற்குப் போகும். ஆட்டினால் எண்ணெயில் போவதைவிடச் சக்கையில் தங்கும் நஞ்சுதான் அதிகம். ஒரு மூட்டைக் கடலையில் சிதறிக் கிடந்தது புண்ணாக்கில் செறிந்துவிடுகிறது. பருத்திக்கொட்டைப் புண்ணாக்குக்கும் ஏறக்குறைய இதே கதை. தேங்காய்ப் புண்ணாக்கு ஈரக் கொப்பரையில் ஆட்டியதாக இருந்தால் அதுவும் நம்ப முடியாது. எள்ளும் சோயாவும் இந்த விஷயத்தில் கொஞ்சம் பரவாயில்லை.

ஊறவைப்பதில் இன்னொரு சிக்கல் தொட்டி. மிச்சத்தைக் கொட்டாமல் அதன் மேலேயே மறுநாள் தண்ணி ஊற்றுவது எங்கள் தெருவில் பாதி வீட்டில் நடக்கிறது. தொட்டி ஓரத்தில் வழவழவென்று ஒரு படலம் இருக்கும், அதில்தான் எல்லாம் விளைகிறது. ஊறவைத்தாலும் நஞ்சு கரைந்து ஓடிவிடாது, கஞ்சியாகக் காய்ச்சினாலும் அழியாது.

செலவு? புண்ணாக்கைச் சில்லறையாக வாங்கலாம் என்பது இந்த வழியின் ஒரே பெரிய பலம். அதைப் பிற்பாடு சொல்கிறேன், ஏனென்றால் கடைசியில் என் முடிவு அங்கேதான் போய் நிற்கிறது.

மூட்டைத் தீவனம்

குச்சித் தீவனம் என்று சொல்கிறோமே, அந்தக் கலப்புத் தீவனம். ஆவின் தீவனமும் இருக்கிறது, தனியார் மூட்டைகளும் இருக்கின்றன. இந்தியத் தர நிர்ணய அமைவனம் மாட்டுக் கலப்புத் தீவனத்துக்கு வைத்திருக்கும் அளவின்படி ஈரம் 11 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, அஃப்ளாடாக்சின் பி1 20 பிபிபிக்கு மேல் போகக் கூடாது. நம் கணக்கில் போட்டுப் பாருங்கள். நாளுக்கு ஐந்து கிலோ, கிலோவுக்கு 20. மொத்தம் 100 மைக்ரோகிராம். பாலில் லிட்டருக்கு 0.2. வரம்புக்கு நன்றாகக் கீழே. (ஐரோப்பாவில் பாலுக்கு வரம்பு 0.05. அதனால்தான் அவர்கள் கறவை மாட்டுத் தீவனத்துக்கு 5 பிபிபி என்று இறுக்கிப் பிடிக்கிறார்கள். இதே கணக்குதான் அங்கேயும்.)

ஆக, அளவுக்குள் நிற்கும் மூட்டை கிடைத்தால் இந்த வழிக்குத்தான் முதல் மதிப்பெண். 'கிடைத்தால்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குச்சியாக அழுத்திய பிறகு உள்ளே அரைபட்டது நல்ல சோளமா, பூத்த சோளமா என்று கண்ணால் சொல்ல முடியாது. வெல்லப்பாகு வாசனை மற்ற வாடையை அமுக்கிவிடும். ஒரு முறை ஊர்க் கடையில் வாங்கிய மூட்டையின் நடுவில் முட்டி அளவு கட்டி இருந்தது. தயாரித்த தேதியைப் பார்த்தால் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. கடைக்காரர் 'உதிர்த்துப் போடுங்க, ஒன்றும் ஆகாது' என்றார். அன்றிலிருந்து தேதி பார்க்காமல் மூட்டையைத் தொடுவதில்லை, தையல் பிரித்து மறுதையல் போட்ட மூட்டையை வாங்குவதும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் கையை நடுவரை விட்டுப் பார்ப்பேன். உள்ளே வெதுவெதுப்பு தெரிந்தால் அங்கே ஏதோ வளர்கிறது என்று அர்த்தம். திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

இன்னொன்று, இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு ஐம்பது கிலோ மூட்டை பிரித்த பிறகு ஐந்தாறு நாள் ஓடும். அது ஆபத்தில்லாத காலம். ஒரே மாடு, அதுவும் குறைவாகக் கறப்பது என்றால் அதே மூட்டை பிரித்த வாயோடு இரண்டு வாரத்துக்கு மேல் கார்த்திகை ஈரத்தைக் குடித்துக்கொண்டு கிடக்கும்.

நாமே அரைத்துக் கலப்பது

தானியம் நாற்பது, புண்ணாக்கு முப்பது, தவிடு இருபத்தேழு, தாது உப்புக் கலவை இரண்டு, உப்பு ஒன்று. நூற்றுக்கு இந்தக் கணக்கில் மில்லில் அரைத்து வருபவர்கள் உண்டு. என்ன போடுகிறோம் என்று கண்ணால் பார்த்துப் போடலாம் என்பதே இதன் முழு மதிப்பு. புண்ணாக்கு முப்பதையும் கடலையில் போடாமல் எள்ளு, சோயா என்று பிரிக்கலாம். மக்காச்சோளத்தைக் கடித்துப் பார்க்கலாம். 'டக்' என்று உடைந்தால் காய்ந்தது, நசுங்கினால் வேண்டாம். உடைந்த மணியும் தூசியும் இருக்கும் சரக்கைச் சலித்துவிட்டு வாங்கினால் பாதிப் பீடை அங்கேயே போய்விடும், ஏனென்றால் பூசணம் முதலில் ஏறுவது தோல் கிழிந்த மணியில்.

கோடையில் இந்த வழிக்கு ஈடு இல்லை. மழையில் நிலைமை வேறு. அரைத்த மாவு முழு மணியைவிட வேகமாக ஈரம் வாங்கும். மில் சூட்டோடு டிரம்மில் கொட்டி மூடினால் உள்பக்கம் வியர்த்து மேல் அடுக்கு கட்டிப்படும். எங்கள் வீட்டில் இது நடந்தது, தப்பு என்னுடையது. ஆறவிட்டுக் கொட்டியிருக்க வேண்டும். அப்புறம், மில்காரர் நூறு கிலோவுக்குக் குறைந்து அரைக்க முகம் சுளிப்பார். மூன்று மாட்டுக்கு அது வாரக் கணக்கு, சமாளிக்கலாம். ஒரு மாட்டுக்காரர் பக்கத்து வீட்டோடு பங்கு போட்டால் ஒழிய இதை மழைக்காலத்தில் யோசிக்கவே வேண்டாம்.

டாக்சின் பைண்டர்

தீவனத்து நஞ்சைப் பிடித்துவைக்கும் பொடி இது, கடையில் இப்போது எதற்கெடுத்தாலும் நீட்டுகிறார்கள். கோழிப் பண்ணைக்காரர்களுக்கு இது பழகிய பொருள். இந்த நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுக்கும், அவர்களுக்கு வேறு வழியில்லை.

வேலை செய்யாத பொருள் என்று நான் சொல்லவில்லை. பென்டோனைட் மாதிரிக் களிமண் வகைகள் குடலுக்குள் அஃப்ளாடாக்சினைப் பிடித்துச் சாணத்தோடு வெளியே கொண்டுபோகும். பாலில் எம்1 பாதிக்குப் பாதி குறைந்த ஆய்வுகள் உண்டு, மூன்றில் ஒரு பங்கு மட்டும் குறைந்தவையும் உண்டு. ஈஸ்ட் செல் சுவரில் செய்தவையும் ஓரளவு உதவுகின்றன. ஆனால் களிமண் பிடிப்பது அஃப்ளாடாக்சினை மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளலாம். சினை நிற்பதைக் கெடுக்கும் சியாரலினோன், தீனியைக் குறைக்கும் டிஆக்ஸினிவலினால் போன்றவை ஃபியூசேரியம் என்ற இன்னொரு பூசணத்தின் நஞ்சுகள், அவை களிமண்ணுக்குப் பெரிதாக மசிவதில்லை.

திரும்பக் கணக்குக்கு வாருங்கள். 300 மைக்ரோகிராம் உள்ளே போகும்போது பாதியைப் பிடித்தால் 150. கடலைப் புண்ணாக்கைப் பாதியாகக் குறைத்தால் காசு செலவில்லாமல் அதே 150. பைண்டர் கலந்துவிட்டோம் என்ற தைரியத்தில் பூத்த மூட்டையைப் போடுபவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் காசும் கொடுத்து நஞ்சும் ஊட்டுகிறார்கள். மூன்று வாரம் தொடர் மழை, வேறு சரக்கே கிடைக்கவில்லை, இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்றால் பைண்டர் வாங்கலாம். மருத்துவரிடம் அளவு கேட்டு, ஒவ்வொரு வேளையும் தீவனத்தில் நன்றாகப் பிசிறிப் போட வேண்டும். தண்ணித் தொட்டியில் ஒரு பிடி அள்ளிப் போட்டால் அடியில் சேறாகத் தங்குவதோடு சரி.

வைக்கோல், பசும்புல், சைலேஜ்

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், புண்ணாக்கு, மூட்டை மாதிரி அடர்தீவனத்தைக் குறைக்கும் சாவி இங்கே இருக்கிறது. கோ-5 கம்பு நேப்பியர் புல் கால் ஏக்கரும் வேலி ஓரம் அகத்தியும் இருந்தால் மழை மாதத்தில் புல்லுக்குப் பஞ்சமில்லை. பசும்புல்லும் அகத்தித் தழையும் வயிறு நிறையக் கிடைக்கும் மாட்டுக்குப் புண்ணாக்கை ஒரு கிலோ குறைத்தாலும் பால் பெரிதாக இறங்காது. நிலம் இல்லாதவருக்கு இந்தப் பேச்சு உதவாது, அது உண்மை.

வைக்கோலில் பார்க்க வேண்டியது குறுவை வைக்கோலா, சம்பா வைக்கோலா என்பது. குறுவை அறுப்பு மழைக்குள் மாட்டிக்கொள்ளும். இயந்திரம் அறுத்துப் போட்டதை ஈரத்தோடு உருட்டிக் கட்டினால் வெளியே பொன் நிறம், உள்ளே கறுப்பு. கட்டை வாங்கும்போது எடை பாருங்கள், அதே அளவுக் கட்டு கனமாக இருந்தால் நீங்கள் வாங்குவது தண்ணீர். முடிந்தால் தை, மாசியில் சம்பா வைக்கோலை வாங்கி மேடான இடத்தில் போர் போட்டுவிடுவது நல்லது. வைக்கோலில் அஃப்ளாடாக்சினைவிட ஃபியூசேரியம் தொல்லைதான் அதிகம். வடக்கே பஞ்சாப் பக்கம் பூசண வைக்கோல் தின்ற எருமைகளுக்கு வால் நுனியும் காதும் குளம்போரமும் அழுகும் டெக்னாலா நோய் பேர்போனது.

சைலேஜ் (காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்கவைத்த பசுந்தீவனம்) மூட்டை இப்போது டெம்போவில் வீட்டு வாசலுக்கே வருகிறது. காற்றுப் புகாதவரை பூசணம் வளராது, அதில் சந்தேகமில்லை. பிரித்த நிமிஷத்திலிருந்து கதை மாறும். சிப்பம் ஐம்பது அறுபது கிலோ இருந்தால் மூன்று மாடு இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடும். ஒரு மாடு தீர்ப்பதற்குள் மேல்பகுதி சூடேறி நீலப் பூசணம் படர்ந்துவிடும். பத்து மாட்டுக்காரருக்கு வசதியான பொருள் ஒரு மாட்டுக்காரருக்குச் சுமை.

சோதனை செய்து பார்த்துவிடலாமே?

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது, தீவன மாதிரியைச் சோதித்துத் தருவார்கள். ஒரு மூட்டைக்காக அனுப்புவது வீண், முடிவு வருவதற்குள் மூட்டை தீர்ந்திருக்கும். ஐந்தாறு வீடு சேர்ந்து ஒரு லோடு புண்ணாக்கு இறக்கும்போது அனுப்பலாம். அப்போதும் ஒரே இடத்தில் ஒரு கைப்பிடி அள்ளக் கூடாது. இந்த நஞ்சு சீராகப் பரவியிருக்காது, அங்கங்கே திட்டுத் திட்டாக இருக்கும். பல மூட்டையில் பல இடத்தில் எடுத்து, பொடித்து, கலந்து அனுப்ப வேண்டும். கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை மக்காச்சோளத்தில் அடித்து, பச்சை மஞ்சளாக மின்னுகிறதா என்று பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். மின்னினால் சந்தேகப்படலாம். மின்னவில்லை என்பதற்காக நம்பக் கூடாது.

பூத்த மூட்டையை வெயிலில் காயவைத்தால் போதாதா என்று எல்லாரும் கேட்பார்கள். காயவைத்தால் பூசணம் நிற்கும், ஏற்கெனவே சுரந்த நஞ்சு பெரும்பகுதி அப்படியே இருக்கும். கோழிக்கும் வாத்துக்கும் போடுவது இன்னும் மோசம், அவைதான் இதற்கு முதல் பலி. கன்றுக்கும் சினை மாட்டுக்கும் கூடாது. கண்ணுக்குப் பூசணம் தெரிந்தால் குப்பைக் குழிதான், ஐம்பது கிலோவானாலும்.

இதில் ஒரு வயிற்றெரிச்சலும் உண்டு. சொசைட்டியில் கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) பார்த்துத்தான் காசு. நான் எம்1 குறைந்த பால் ஊற்றினாலும் பக்கத்து வீட்டுக்காரர் பூத்த புண்ணாக்குப் பால் ஊற்றினாலும் ஒரே கேனில்தான் போகிறது, ஒரே விலைதான். ஆகவே காசு அதிகம் கேட்கிற எந்த வழியும் என் மாதிரி ஆளிடம் நிலைக்காது. மாடு ஒழுங்காகத் தின்று சினை பிடிப்பதும், வீட்டுப் பிள்ளை குடிக்கிற டம்ளரும்தான் எனக்குக் கிடைக்கும் வரவு.

இதையெல்லாம் கூட்டிக் கழித்து, இந்த ஐப்பசிக்கு நான் எடுத்திருக்கும் முடிவு இது. பெரும்பகுதி மூட்டைத் தீவனம், தயாரித்து ஒரு மாதத்துக்குள் இருப்பது, ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவு மட்டும். மொத்தமாக எடுத்தால் மூட்டைக்குக் கொஞ்சம் குறைத்துத் தருவதாகக் கடைக்காரர் சொன்னார், ஒரு மூட்டை பூத்தால் அந்த லாபம் மூன்று வருஷத்துக்குப் போய்விடும் என்று கணக்குப் போட்டு மறுத்துவிட்டேன். மூட்டைக்கு அடியில் பலகை, சுவருக்கும் மூட்டைக்கும் ஒரு முழ இடைவெளி. காலிச் சாக்கை உதறிக் காயவைக்காமல் மறுபடி உபயோகிப்பதில்லை. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு தை வரை கிடையாது. பைண்டர் வாங்கவில்லை. புல் இருக்கிறது.

கடலைப் புண்ணாக்கை அடியோடு நிறுத்தத்தான் நினைத்தேன். மூத்த மாடு தண்ணித் தொட்டியில் மூக்கை வைத்து எடுத்துவிட்டு அம்மாவைப் பார்த்துக் கத்தியது. இரண்டு நாள் தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை, பாலும் இறங்கியது. இப்போது அதற்கு மட்டும் கால் கிலோ, மூன்று நாளைக்கு ஒரு தடவை கடையில் உடைத்துப் பார்த்து வாங்கியது. ராத்திரி ஊறப்போடுவது இல்லை, கறவைக்கு ஒரு மணி நேரம் முன்னால்தான். குடித்து முடித்ததும் தொட்டியைக் கவிழ்த்துத் தேய்த்துவிடுகிறார் அம்மா, முணுமுணுத்துக்கொண்டே.